விரிசல் விழுந்த இன்ஜின்

பாண்டுரங்கன் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, இன்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்த பித்தளைத் தகட்டை அழுத்தித் துடைத்தார். இன்ஜின் ஓட்டும் ஐசக் ஐந்தடி தள்ளி நின்று அந்தக் கைக்குட்டையையே பார்த்தான். தகட்டில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. பாண்டுரங்கன் கையிலிருந்த பழைய புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தார். கடைசி எண்ணும் சரியாக இருந்தது. ஐம்பது வயது மனுஷர், சின்னப் பிள்ளை போல் கையைத் தட்டினார்.

"அதேதான்! ஐயா, அதே இன்ஜின்தான்!"

"நான்தான் சொன்னேனே சார்," என்று மீசையைத் தடவினார் தாண்டவராயன். "எங்க நைனா ஜமீன் வூட்லேர்ந்து நேரா மாட்டு வண்டியில ஏத்திக்கினு வந்தது. வேற கை மாறவே இல்ல."

1983ஆம் வருஷம், பங்குனி மாதத்து ஒரு திங்கட்கிழமை. சாலவாக்கத்துக்கு மேற்கே தாண்டவராயனின் கிணற்றங்கரை. சென்னையில் மோட்டார் அருங்காட்சியகம் ஒன்று வரப்போகிறது என்றும், நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி, எது எப்படி வந்தது, யாரிடம் இருந்தது, கடைசியில் என்ன ஆனது என்று எழுதி வைக்கப்போகிறார்கள் என்றும் பாண்டுரங்கன் சொன்னார். அதற்குச் சாமான் சேர்ப்பதுதான் அவர் உத்தியோகம். ஒரு ஜமீன்தார் 1936இல் கப்பலில் வரவழைத்த அமெரிக்கக் கார் அவர்களிடம் சிக்கியிருந்தது. வெறும் உடம்புதான், உள்ளே இன்ஜின் இல்லை. ஜமீன் நொடித்தபோது இன்ஜினைத் தனியே கழற்றி விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தாண்டவராயனின் அப்பா. பட்டு மெத்தையை இழுத்துக்கொண்டு ஓடிய இன்ஜின், முப்பது வருஷமாக உத்திரமேரூர் தாலுகாவில் நெல்லுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கார் இன்ஜினைக் கிணற்றில் வைத்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு. அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்பட்டதும் இல்லை.

பாண்டுரங்கனுக்கும் தாண்டவராயனுக்கும் தெரியாத ஒரு சங்கதி ஐசக்குக்குத் தெரியும். தகடு அந்தக் காருடையது. தகடு ஒட்டியிருந்த இரும்பு அந்தக் காருடையது அல்ல. காருடைய இரும்பு பன்னிரண்டு வருஷமாக இதே கிணற்றின் அடியில் கிடந்தது. தள்ளிவிட்டவனே ஐசக்தான்.

ஐசக்கின் அப்பன் தாண்டவராயன் நிலத்தில் கூலி. ஐசக் காலனியிலிருந்த மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரைக்கும் படித்தான். பதினாறு வயதில் இந்த இன்ஜினிடம் வந்து சேர்ந்தவன்தான், இப்போது நாற்பதாகிறது. பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி விட வேண்டும். அந்த நேரத்தைக் கொஞ்சம் தவறவிட்டாலும் இருமி நின்றுவிடும். முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். வளைத்துப் பிடித்தால், இன்ஜின் திருப்பி உதைக்கும்போது மணிக்கட்டு போய்விடும். ஊரில் இரண்டு பேருக்குப் போயிருக்கிறது. ஐசக்கை மட்டும் அது உதைத்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

இதற்குச் சம்பளம் என்று தனியாகக் கிடையாது. வாய்க்காலின் கடைசியில் அரைக் காணி நிலத்தை ஐசக் பயிரிட்டுக்கொள்ளலாம்; ஐயாவின் நிலமெல்லாம் குடித்த பிறகு மிச்சத் தண்ணீர் அவனுக்கு. அந்த அரைக் காணிதான் அவன் வீட்டு வருஷச் சாப்பாடு.

விபத்து நடந்தது 1971இல். தாண்டவராயன் குடும்பத்தோடு காசிக்குப் போயிருந்த மாதம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது காலனியிலிருந்து ஆட்கள் ஓடி வந்து, அவன் மனைவி பாஞ்சாலிக்கு வலி எடுத்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார்கள். ஐசக் எதையும் நிறுத்தாமல் ஓடினான். பெண் குழந்தை பிறந்து, அது அழுவதைக் காதால் கேட்டு, பாஞ்சாலி கண் திறந்ததைப் பார்த்த பிறகுதான் இன்ஜின் ஞாபகமே வந்தது. திரும்பி வந்தால், குளிர வைக்கும் பீப்பாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்ஜின் பழுத்து நின்றது. பதற்றத்தில் அவன் செய்ததை எந்தப் புது டிரைவரும் செய்ய மாட்டான். கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு மொண்டு அதன் மேல் ஊற்றினான். டப்பென்று ஒரு சத்தம். இரும்பில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரிசல்.

பிறகு நடந்ததெல்லாம் மூன்றே நாளில் நடந்தது. பாஞ்சாலியின் தம்பி ஏசுதாஸ் அப்போது சென்னையில் லாரி பட்டறையில் வேலை பார்த்தான். ஜமீன்தார் காரைச் செய்த அதே கம்பெனி யுத்த காலத்தில் செய்த ராணுவ லாரி ஒன்றின் இன்ஜின் புதுப்பேட்டை பழைய இரும்புக் கடையில் கிடந்தது. பிள்ளை பெற்ற பாஞ்சாலி படுத்தபடியே கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். கம்மல் போய் இன்ஜின் வந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் பழையதைக் கழற்றிப் புதியதை உட்கார வைத்து, பச்சை நிறத்தின் மேல் கறுப்புச் சாயம் அடித்து, பித்தளைத் தகட்டைப் பெயர்த்து இதில் அறைந்தார்கள். விரிசல் விழுந்ததைக் கடப்பாரையால் நெம்பிக் கிணற்றில் தள்ளினார்கள்.

காசியிலிருந்து வந்த தாண்டவராயன், "இன்னாடா, தொண்டை மாறிப்போச்சே இதுக்கு?" என்று கேட்டார்.

"சர்வீஸ் பண்ணேன் ஐயா," என்றான் ஐசக். அதோடு முடிந்தது. அதன் பிறகு இரண்டு முறை கிணற்றைத் தூர் வாரினார்கள். இரண்டு முறையும் அடியில் இறங்கியவன் ஐசக்தான்; அது கிடந்த மூலையை மட்டும் தொடாமல் சேற்றை வாரினான். எல்லாரும் அவனை மெச்சினார்கள்.

இப்போது பாண்டுரங்கன் இன்ஜினைச் சுற்றி வந்தார். குனிந்து நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். கறுப்பு உதிர்ந்து பச்சை தெரிந்தது.

"இது ஏன் பச்சையா இருக்கு?"

ஐசக் இன்ஜினைத் துடைப்பது போலக் குனிந்தான். "பெரியவரு காலத்துல அடிச்ச சாயம் சார்," என்றான். பொய் அவன் நினைத்ததை விடச் சுலபமாக வந்தது. பாண்டுரங்கன் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிறகு கிணற்றோரம் போய் எட்டிப் பார்க்கக் கால் வைத்தார். ஐசக் பாய்ந்து குறுக்கே நின்றான்.

"வேணாம் சார், ஓரம் சரிஞ்சிக்கினு கீது."

அந்த வருஷம் ஏரியில் மாடு மேய்ந்தது. எட்டு ஆள் ஆழக் கிணற்றில் ஒன்றரை ஆள் தண்ணீர்தான் மிச்சம். அடியில் கிடப்பதற்கும் மேலே நிற்பவர்களுக்கும் நடுவே இருந்த திரை நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வியாழக்கிழமை லாரி வரும்," என்றார் பாண்டுரங்கன். "அடுத்த மாசம் திறப்பு விழா, மந்திரி வர்றார். ஐயா பேரைக் கல்லில் பொறிச்சு கார் பக்கத்திலேயே வைப்போம்."

தாண்டவராயனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவர் நிலத்தில் நெல் பழுத்துவிட்டது, இனிமேல் அதற்குத் தண்ணீர் தேவையில்லை. அடுத்த போகத்துக்குப் புது ஆயில் இன்ஜின் வாங்கிக்கொள்வார். ஐசக்கின் அரைக் காணி கடைசியாக நட்டது. இப்போதுதான் கதிர் வெளியே வந்து பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பத்து நாளில் தண்ணீர் இல்லையென்றால் அத்தனையும் அரிசியில்லாத கருக்காய்.

பாண்டுரங்கன் போன பிறகு ஐசக் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றான். "ஐயா, ஒரு பத்து நாளு தள்ளி எடுத்துக்கினு போவச் சொல்லக் கூடாதா? என் கயனி பால் பிடிக்கிற நேரம்."

"உன் அரைக் காணிக்கோசரம் மந்திரி வந்து காத்துக்கினு கெடப்பாரா? போடா, போய் வேலையப் பாரு."

அவ்வளவுதான் பதில். செவ்வாய்க்கிழமை ஐசக் இன்ஜினை ஓட்டினான். எவ்வளவு இறைக்க முடியுமோ அவ்வளவும் இறைத்துவிட வேண்டும் என்ற வெறி. ஆனால் அரைமணிக்கு ஒரு முறை கிணற்றை எட்டிப் பார்த்தான். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓட்டினால் பயிர் பிழைக்கும், குட்டு வெளிப்படும். நிறுத்தினால் குட்டு மறையும், பயிர் சாகும். இப்படி ஒரு கணக்கில் மனுஷனைக் கொண்டுபோய் மாட்டிவிட்ட கடவுள் மேல் அவனுக்குக் கோபம்கூட வந்தது.

புதன்கிழமை காலையில் தெரிந்துவிட்டது. கிணற்றின் வடக்கு மூலையில் சேற்றுத் தண்ணீரிலிருந்து கறுப்பாக ஒன்று, எருமை முதுகு போல ஒரு சாண் மேலே நின்றது. ஐசக் அவசரமாக இன்ஜினை அணைத்தான். தண்ணீர் இன்னும் அவன் நிலத்தின் பாதியைக்கூட எட்டவில்லை.

கஞ்சி கொண்டு வந்த பாஞ்சாலி அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காதில் கம்மல் இருந்த இடத்தில் பன்னிரண்டு வருஷமாக வேப்பங்குச்சிதான்.

"சொல்லிப்புடு," என்றாள்.

"இன்னான்னு சொல்றது? ஒடச்சவன்னு சொன்னாகூடப் பரவாயில்ல. நல்லத எடுத்து வித்துட்டு ஓட்டையக் கொண்டாந்து வெச்சான்னு சொல்லுவாங்க. திருடன்னு சொல்லுவாங்கடி. நம்ப பொண்ணு அம்முலு பள்ளிக்கூடம் போவுது."

"சொல்லாம வுட்டா?"

"இன்ஜின் போயிடும். பயிரும் போயிடும். பேரு இருக்கும்."

"பேர இன்னா ஒலையில போட்டா பொங்குவ?" என்றாள் பாஞ்சாலி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல இந்த ஒரு பொய்ய நெஞ்சுல வெச்சிக்கினு நீ கோயிலுக்கு வர்றது எனக்கும் பிடிக்கல. எப்புடியோ செய்யி. நான் உன்ன எதுவும் கேக்க மாட்டேன்."

வியாழக்கிழமை லாரி வந்தது. கூடவே முக்காலிக் கம்பங்களும் சங்கிலியும் தூக்குவதற்கு நாலு ஆட்களும். தாண்டவராயன் சலவை வேட்டியில் வந்திருந்தார். இன்ஜினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரமும் காட்டியாயிற்று. ஊரில் பாதிப் பேர் வரப்பில் நின்றார்கள். கிணற்றுப் பக்கம் யாரும் போகாதபடி ஐசக் விறகுக் கட்டைகளை அடுக்கி வைத்திருந்தான்.

பாண்டுரங்கன் தோளில் டேப் ரிக்கார்டர் மாட்டியிருந்தார். "கழற்றுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. சத்தத்தைப் பதிவு பண்ணிக்கிறேன். காட்சிக் கூடத்துல கார் பக்கத்துல இதைப் போட்டா, வர்றவங்க கேப்பாங்க."

ஐசக் கைப்பிடியைச் செருகினான். ஒரே சுற்று. இன்ஜின் கிளம்பியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். குழாயில் தண்ணீர் பொங்கி வாய்க்காலில் விழுந்தது. பாண்டுரங்கன் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரியில் உட்கார்ந்தவர் போலத் தலையசைத்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் ஐசக்குக்குத் தாங்கவில்லை. நாளைக்கு எத்தனையோ பேர் காசு கொடுத்து உள்ளே வந்து, ராணுவ லாரியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஜமீன்தார் காரின் சத்தம் இதுதான் என்று வீட்டுக்குப் போவார்கள். இந்தப் பெரிய மனுஷர் நம்பி ஒரு எழுத்து எழுதி வைப்பார். அது பொய்யாக இருக்கும்.

அவன் இன்ஜினை அணைத்தான்.

"சார், இது அந்தக் கார் இன்ஜின் இல்ல சார்."

யாருக்கும் விளங்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். தகட்டை மட்டும் பெயர்த்து இதில் அடித்ததையும், பச்சைச் சாயம் ராணுவச் சாயம் என்பதையும் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் தாண்டவராயன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"வித்துட்டியாடா? எங்கடா வித்த? எங்க நைனா வாங்கினதடா அது!"

"விக்கல ஐயா. என் கையால ஒடஞ்சிபோச்சி. இங்கதான் கீது."

கட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டுக் கிணற்றைக் காட்டினான். எல்லாரும் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். இப்போது ஓட்டிய ஓட்டத்தில் இன்னும் நாலு விரல் தண்ணீர் இறங்கியிருந்தது. கறுப்பு முதுகு நன்றாகவே தெரிந்தது. தாண்டவராயன் கையை ஓங்கினார். ஐசக் முகத்தைத் திருப்பவில்லை. ஓங்கிய கை என்னவோ அப்படியே நின்றது. ஊரே பார்த்துக்கொண்டிருந்ததனாலோ, ஐசக் அழுதுகொண்டிருந்ததனாலோ, தெரியாது.

அதற்குள் பாண்டுரங்கன் பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக் கிணற்றுப் படியில் இறங்கத் தொடங்கியிருந்தார். ஐசக் பின்னாலேயே இறங்கினான். முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு பாண்டுரங்கன் அந்த இரும்பைக் கையால் தடவிச் சேற்றை வழித்தார். நாலு சிறு ஓட்டைகள் தட்டுப்பட்டன. மடித்து வைத்திருந்த காகிதத்தில் தகட்டின் அளவைக் குறித்திருந்தார். விரித்து வைத்துப் பார்த்தார். நாலு மூலையும் நாலு ஓட்டையில் உட்கார்ந்தன.

"எனக்கு வேண்டியது இதுதான்பா," என்றார்.

"ஒடஞ்சது சார் இது. ஓடாது."

"அருங்காட்சியகத்துல எதுக்குப்பா ஓடணும்? நிஜமா இருந்தாப் போதும். ஓடுறதை நீங்களே வெச்சுக்குங்க."

மேலே வந்து அதையே எல்லார் முன்னாலும் சொன்னார். ஆனால் அதை எடுப்பது சுலபமில்லை. பாதி சேற்றில் புதைந்திருந்தது. ஆட்கள் இறங்கிச் சங்கிலி மாட்ட வேண்டுமென்றால் கிணற்றை முழுசாக இறைத்து, ஊற விடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"இவன் தொடக் கூடாது," என்றார் தாண்டவராயன். "வேற எவனாவது ஓட்டுங்கடா."

லாரி டிரைவர் முன்வந்தான். கைப்பிடியை வளைத்துப் பிடித்துச் சுற்றினான். இன்ஜின் உதைத்த உதையில் கையை உதறிக்கொண்டு வரப்பில் போய் உட்கார்ந்தான். அடுத்து வந்தவன் ஆறு முறை சுற்றினான். பெட்ரோல் வாடைதான் வந்தது. பாண்டுரங்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர் மொத்தமும் தாண்டவராயனைப் பார்த்தது. ஐசக் யாரையும் பார்க்காமல் நின்றான்.

தாண்டவராயன் வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னார்: "இன்னாடா மரம் மாதிரி நின்னுக்கினு கீற? ஓட்டுடா."

ஐசக் ஒரே சுற்றில் கிளப்பினான்.

அன்று முழுக்க ஓடியது. மறுநாள் மதியம் வரைக்கும் ஓடியது. இறைத்த தண்ணீரை எங்காவது விட்டுத்தானே ஆக வேண்டும்? தாண்டவராயன் நிலம் அறுவடைக்குக் காய்ந்து நின்றது. அதில் விட்டால் நெல் வீண். வாய்க்கால் நேராக ஓடிக் கடைசியில் ஐசக்கின் அரைக் காணியில்தான் விழுந்தது. பாஞ்சாலி மண்வெட்டியோடு மடையருகே நின்று, ஒரு சொட்டு வெளியே போகாமல் வரப்பு போட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த நிலம் மிச்சத் தண்ணீரைத் தவிர வேறு எதையும் கண்டதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் சங்கிலியில் தொங்கிக்கொண்டு அந்த இரும்பு மேலே வந்தபோது, அவள் நிலத்தில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது.

நெல் விளைந்தது. ஐசக் அறுத்தான், அடித்தான், வீட்டுக்குக் கொண்டு போனான். களத்திலேயே தாண்டவராயன், "இனிமே கெணத்துப் பக்கம் வராத," என்று சொல்லிவிட்டார். அரைக் காணியும் அதோடு போயிற்று. திருடன் என்று மட்டும் அவர் ஒருநாளும் சொல்லவில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் ஐசக் வேலைக்குச் சேர்ந்தான். கூலி பரவாயில்லை. நிலத்தை நினைத்தால் மட்டும் நெஞ்சு வலிக்கும். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை.

அடுத்த வருஷம் ஐசக்கும் பாஞ்சாலியும் அம்முலுவும் செங்கல்பட்டு போய் ரயிலேறிச் சென்னைக்குப் போனார்கள். அருங்காட்சியகத்தில் ஜமீன்தார் கார் கண்ணாடி போல நின்றது. பக்கத்தில் ஒரு மேடையில் அந்த இரும்பு. சேறெல்லாம் கழுவி, தகட்டை அதன் பழைய இடத்தில் திரும்ப அறைந்திருந்தார்கள். தாண்டவராயனின் பெயர் சொன்னபடி கல்லில் இருந்தது. கீழே ஒரு அட்டை. அம்முலு எழுத்துக் கூட்டாமல் சத்தமாகப் படித்தாள்.

"காரின் அசல் இன்ஜின். பிற்காலத்தில் பாசனத்துக்குப் பயன்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கிணற்று நீரில் கிடந்தது. 1971இல் விரிசல் விழுந்தது. காரணம் தெரியவில்லை."

எப்போது உடைந்தது என்று கேட்ட பாண்டுரங்கன், ஏன் உடைந்தது என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார் என்று ஐசக்குக்கு அப்போதுதான் உறைத்தது. பாஞ்சாலி வேப்பங்குச்சியைத் திருகிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த விரிசலையே பார்த்தாள். பிறகு மகளின் தோளைப் பிடித்து அட்டைக்கு முன்னால் நிறுத்தினாள்.

"தெரியலையாம்யா," என்றாள் புருஷனிடம். "பதிமூணு வயசாவுது, ரெட்டை சடை போட்டுக்கினு நிக்குது. தெரியலையாம்."

ஐசக் சிரிக்க முயன்றான், முடியவில்லை. "அம்மா, இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டாள் அம்முலு. காவலாளி அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரத்தில், அவன் மகளின் கையைப் பிடித்து அந்த விரிசலின் மேல் வைத்தான்.